ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினசோட்டா பக்கம் போய்வந்தவர்கள் பகிரும் படங்களில் இது தவறாமல் இருக்கும். செங்குத்தான ஒரு பாறை, அதன் விளிம்பில் வெளிர்மஞ்சள் செங்கல்லில் ஒரு குட்டைக் கோபுரம், கீழே கருநீலத் தண்ணீர். "எந்தக் கடல் இது?" என்று யாராவது கேட்பார்கள். கடல் இல்லை, ஏரி என்று பதில் போட்டால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

சரியாக எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் வடமேற்குக் கரையில். உள்ளூர்க்காரர்கள் அந்தக் கரையை 'நார்த் ஷோர்' என்பார்கள். டுலூத் நகரிலிருந்து 61ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏரியை ஒட்டியே வடகிழக்காக ஏறத்தாழ 75 கி.மீ. போக வேண்டும். வழியில் டூ ஹார்பர்ஸ் என்ற சின்னத் துறைமுக ஊர் வரும். அதைத் தாண்டி அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மினியாபொலிஸிலிருந்து கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்?

ஏரி என்றதும் நாம் மதகும் கரையும் ஆயக்கட்டும் உள்ள ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிறோம். சுப்பீரியர் அந்த வகை இல்லை. நீளம் 563 கி.மீ., அகலம் அதிகபட்சம் 257 கி.மீ., ஆழம் அதிகபட்சம் 406 மீட்டர். பரப்பு 82,100 சதுர கி.மீ., கிட்டத்தட்ட ஆஸ்திரியா நாடு அளவு. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுதான். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. அலை அடிக்கும், புயல் வரும், கப்பல் மூழ்கும்.

சில விதங்களில் கடலைவிட மோசம் என்றே சொல்லலாம். நடுக்கடலில் புயலில் சிக்கிய கப்பல் காற்றோடு சேர்ந்து சில நாள் ஓடிச் சமாளிக்கலாம். ஏரியில் அப்படி ஓட இடம் கிடையாது. ஒரே இரவில் ஏதாவது ஒரு கரையில் கொண்டுபோய் மோதிவிடும். அலைகளும் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். தண்ணீர் கோடையிலேயே சில்லென்றிருக்கும். நவம்பரில் விழுந்தவர் அதிக நேரம் தாங்கமாட்டார்.

இத்தனை ஆபத்து இருந்தும் கப்பல்கள் போயாக வேண்டியிருந்தது. மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் தோண்டிய இரும்புத்தாது டுலூத்திலும் டூ ஹார்பர்ஸிலும் கப்பலேறி, ஏரிகள் வழியாகக் கிழக்கே உள்ள உருக்காலைகளுக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் பாலங்கள், ரயில் பாதைகள், கட்டடங்கள் பலவற்றுக்கான இரும்பு இந்தத் தண்ணீரைக் கடந்துதான் போயிருக்கிறது.

இதைக் கட்ட 1905 புயல்தான் காரணம் என்கிறார்களே, அன்று என்ன நடந்தது?

அந்த ஆண்டு நவம்பர் 27, 28 தேதிகளில் ஏரியின் மேற்குப் பகுதியைப் பனிப்புயல் ஒன்று புரட்டிப்போட்டது. மூழ்கியதும், தரைதட்டியதும், அடிபட்டதுமாக 29 கப்பல்கள். அதில் ஒன்றின் பெயரால் அதை 'மட்டாஃபா புயல்' என்றே குறிப்பிடுகிறார்கள்.

மட்டாஃபா ஒரு தாதுக் கப்பல். புயலுக்குப் பயந்து டுலூத் துறைமுகத்துக்கே திரும்பிவந்தது. துறைமுகத்துக்குள் நுழையும் கால்வாய் குறுகலானது, இரு பக்கமும் கான்கிரீட் சுவர். அந்தச் சுவரில் மோதிச் சுழன்று, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் தரைதட்டி உடைந்துவிட்டது. ஊரே திரண்டு கரையில் நின்றது. ஆயிரக்கணக்கான பேர் இரவு முழுக்கத் தீ மூட்டிக் காத்திருந்தார்கள். மீட்புப் படகை அடுத்த நாள் காலையில்தான் தண்ணீரில் இறக்க முடிந்தது. முன்பகுதியில் ஒடுங்கியிருந்த 15 பேர் பிழைத்தார்கள். பின்பகுதியில் இருந்த ஒன்பது பேரும் குளிரில் விறைத்து இறந்துபோனார்கள். சிலருடைய உடல்களைப் பனிக்கட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்ப்ளிட் ராக் பக்கம் நடந்தது வேறு கதை. 'வில்லியம் எடன்பார்ன்' என்ற நீராவிக் கப்பல், 'மடீரா' என்ற இன்ஜின் இல்லாத பார்ஜை இழுத்துக்கொண்டு வந்தது. கடும் பனியில் கயிற்றை விட்டுவிட, இரண்டும் தனித்தனியே அடித்துச்செல்லப்பட்டன. எடன்பார்ன், ஸ்ப்ளிட் ராக் ஆற்று முகத்துவாரத்தருகே கரையேறியது. மடீரா, கோல்டு ராக் என்ற செங்குத்துப் பாறையில் மீண்டும் மீண்டும் மோதத் தொடங்கியது.

மடீராவில் பத்துப் பேர். அவர்களில் ஃபிரெட் பென்சன் என்ற மாலுமி, கையில் கயிற்றோடு கப்பலிலிருந்து பாறைக்குத் தாவினார். பனியும் நுரையும் அடித்துக்கொண்டிருந்த அந்தப் பாறையில் இருட்டிலேயே மேலே ஏறி, கயிற்றின் முனையில் கல்லைக் கட்டிக் கீழே இறக்கினார். ஒருவர் பின் ஒருவராக எட்டுப் பேர் அதைப் பிடித்து மேலே வந்துவிட்டார்கள். முதல் துணை அதிகாரி மட்டும் கப்பலோடு போய்விட்டார். கலங்கரை விளக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் பலருக்கு பென்சனின் பெயரே தெரியாது. அந்தக் கரையில் அன்று உயிர்களைக் காப்பாற்றியவர் அவர்தான்.

உயிரிழப்பைப் பார்த்துத்தான் அரசு விளக்கம் கட்டியதா?

பாதி உண்மை. சேதமடைந்த கப்பல்களில் மூன்றில் ஒரு பங்கு, யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் கப்பல் பிரிவுக்குச் சொந்தமானவை. அவற்றுக்குக் காப்பீடு கிடையாது. நஷ்டம் முழுவதும் அந்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அதன் ஆட்கள் நேராக வாஷிங்டன் போய் முறையிட்டார்கள். 1907இல் நாடாளுமன்றம் 75,000 டாலர் ஒதுக்கியது.

சாதாரண மீனவர்கள் போய்க் கேட்டிருந்தால் இரண்டே ஆண்டில் பணம் ஒதுக்கியிருப்பார்களா என்பது என் சந்தேகம். அதே சமயம், கட்டிய விளக்கம் பெரிய கப்பல், சின்னப் படகு என்று பார்க்காமல் எல்லோருக்கும்தான் எரிந்தது.

அங்கே திசைகாட்டி வேலை செய்யாது என்பது நிஜமா?

அடியோடு வேலை செய்யாமல் போகாது, தடுமாறும். கரையோரப் பாறைகளில் உள்ள இரும்புக் கனிமங்கள் காந்த ஊசியை இழுப்பதாகக் கப்பல் தலைவர்கள் நெடுங்காலமாகப் புகார் சொல்லிவந்தார்கள். கலங்கரை விளக்கம் வேண்டும் என்று கேட்டபோதும் இதை ஒரு முக்கியக் காரணமாக முன்வைத்தார்கள். ஆனால் 1905இல் கப்பல்கள் கரையேறியதற்கு முழுப் பழியையும் ஊசிமேல் போட முடியாது. காற்று மணிக்கு நூறு கி.மீ.க்கு மேல் வீசியது, பனியில் எதிரே எதுவும் தெரியவில்லை. அந்த நிலையில் திசை சரியாகத் தெரிந்திருந்தாலும் கப்பலைத் திருப்புவது பெரும்பாடு.

அப்படியென்றால், விளக்கம் அன்று இருந்திருந்தால் மட்டும் என்ன பயன்?

நல்ல கேள்வி. கடும் பனிப்பொழிவில் எவ்வளவு பெரிய விளக்கின் ஒளியும் சில நூறு மீட்டரிலேயே கரைந்துவிடும். மடீராவை அது காப்பாற்றியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதைக் கட்டியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் விளக்கோடு சேர்த்து மூடுபனிச் சங்கும் வைத்தார்கள். கோபுரத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் கட்டடம் அதற்கானது. உள்ளே பெட்ரோல் இன்ஜின்கள் காற்றை அழுத்தித் தர, கூரையிலிருந்து ஏரியைப் பார்த்து நீட்டிய ஊதுகுழல்கள் அலறும். மூடுபனி கலையும்வரை நிறுத்த முடியாது. சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். பின்னாளில் சைரனுக்குப் பதில் டயாஃபோன் என்ற கனத்த குரல் கருவி வந்தது. 1961இல் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டார்கள்.

படம் எடுக்கிறவர்கள் அந்தக் கட்டடத்தை ஓரமாக வெட்டிவிடுகிறார்கள். அந்தக் கரையில் மிகவும் தேவைப்பட்டது அதுதான் என்பது என் எண்ணம்.

சாலையே இல்லாத இடத்தில் பாறை உச்சிக்குச் சாமான்களை எப்படிக் கொண்டுபோனார்கள்?

தண்ணீர் வழியாக. 1909இல் வேலை தொடங்கியபோது அங்கே காடும் பாறையும்தான். செங்கல், சிமென்ட், இரும்பு, பலகை, தொழிலாளர்களுக்கான சாப்பாடு, எல்லாமே கப்பலில் வந்து பாறையடியில் நின்றன. பாறை விளிம்பில் ஒரு தூக்கியை நிறுத்தி, நீராவி வின்ச் மூலம் 130 அடி மேலே இழுத்தார்கள். இப்படி ஏற்றிய கட்டுமானப் பொருள்கள் மட்டும் ஏறத்தாழ 310 டன். அலை அதிகமான நாளில் கப்பல் பாறையை நெருங்க முடியாது, வேலை நின்றுவிடும்.

கட்டி முடித்த பிறகும் சில ஆண்டுகள் அதே தூக்கிதான் ஆதாரம். 1916 வாக்கில் ஏரிக்கரையிலிருந்து மேலே வரை தண்டவாளம் போட்டு, வின்ச் இழுக்கும் ஒரு டிராம் வண்டி அமைத்தார்கள். 1934இல் லாரி வந்ததும் அதற்கும் வேலை போய்விட்டது. அந்தத் தண்டவாளத்தைத் தாங்கிய கான்கிரீட் தூண்கள் இன்றும் சரிவில் நிற்கின்றன. பக்கத்திலேயே ஏரிக்கு இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. ஏறத்தாழ 170 படி. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது நின்று நின்றுதான் வர வேண்டும்.

கட்டியது யார், செலவு எவ்வளவு?

வடிவமைத்து மேற்பார்வை பார்த்தவர் ரால்ஃப் ரஸ்ஸல் டிங்கம் என்ற அரசுப் பொறியாளர். நிலம் உட்பட மொத்தம் 72,541 டாலர் ஆயிற்று, ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் மிச்சம். முதன்முதலில் விளக்கேற்றியது 1910 ஜூலை 31.

பாறை 130 அடி, கோபுரம் 54 அடி. கூட்டினால் 184 வருகிறது. ஆனால் 168 அடி என்று எழுதியிருக்கிறார்களே?

இரண்டும் சரிதான். 54 அடி என்பது தரையிலிருந்து கூரை முனை வரை. 168 அடி என்பது ஏரியின் நீர்மட்டத்திலிருந்து லென்ஸின் நடுப்புள்ளி வரை. மாலுமிக்கு வேண்டியது ஒளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான், கூரையைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

அந்த உயரத்தைப் பொறுத்ததுதான் எவ்வளவு தொலைவில் தெரியும் என்பதும். அதிகாரபூர்வக் கணக்கு 22 மைல், அதாவது சுமார் 35 கி.மீ. அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். வானம் தெளிந்த இரவுகளில் 60 மைல் தள்ளி கிராண்ட் மராய் பக்கமிருந்த மீனவர்கள்கூடப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது நேரடி ஒளி அல்ல, வானில் படரும் வெளிச்சமாகத்தான் இருக்க வேண்டும். பாறையே இவ்வளவு உயரம் தந்துவிட்டதால்தான் கோபுரத்தைக் குட்டையாகக் கட்டினார்கள். பக்கத்தில் போய் நின்று "இவ்வளவுதானா!" என்று ஏமாறுகிறவர்கள் உண்டு.

அந்தக் கண்ணாடிக் கூண்டு எப்படி வேலை செய்கிறது?

உள்ளே இருப்பது ஃபிரெனல் லென்ஸ். பாரிஸில் பார்பியே, பெனார், துரென் நிறுவனம் செய்தது. அளவு வரிசையில் மூன்றாவது. இரண்டு பெரிய கண்ணாடி முகங்கள் முதுகோடு முதுகு சேர்ந்தாற்போல, சிப்பி வடிவில் இருக்கும். மொத்தம் 252 பட்டகங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தீட்டிப் பித்தளைச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் விளக்கின் ஒளி எந்தத் திசையில் சிதறினாலும், பட்டகங்கள் அதைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு ஒன்றாக, கிடைமட்டமான கற்றையாக ஏரிக்கு அனுப்பிவிடும்.

விளக்கு ஒன்றும் அணைந்து அணைந்து எரியாது, ஒரே சீராக எரியும். சுற்றுவது லென்ஸ்தான். ஒரு முழுச் சுற்றுக்கு 20 விநாடி. முகம் இரண்டு என்பதால், கப்பலில் இருப்பவருக்கு 10 விநாடிக்கு ஒரு மின்னல் தெரியும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் தாளம் வேறு. மாலுமி விநாடிகளை எண்ணி, பட்டியலைப் பார்த்து, இது ஸ்ப்ளிட் ராக் என்று தெரிந்துகொள்வார்.

சரி, டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியும் பித்தளையும் எப்படி இவ்வளவு லேசாகச் சுற்றுகிறது? வட்டத் தொட்டி ஒன்றில் பாதரசம் ஊற்றி, அதன்மேல் லென்ஸை மிதக்கவிட்டிருக்கிறார்கள். உராய்வு அநேகமாக இல்லை. ஒரு விரலால் தள்ளினாலே நகரும். தள்ளுவதற்கு ஒரு கடிகார இயந்திரம். கோபுரத்தின் நடுவே தொங்கும் எடை மெல்ல மெல்லக் கீழே இறங்கும்போது பல்சக்கரங்கள் சுழலும். எடை அடியைத் தொடுவதற்குள் கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவு முழுக்க. தூங்கிவிட்டால் லென்ஸ் நின்றுவிடும், தாளம் போய்விடும்.

முதல் 30 ஆண்டு எரிந்தது மண்ணெண்ணெய். அழுத்தத்தில் ஆவியாகி, மேன்டிலில் வெள்ளை வெளேரென்று எரியும் வகை. கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்துவரும் பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, அதே ஏற்பாடுதான். 1940இல் மின்சாரம் வந்து, 1,000 வாட் பல்பு போட்டார்கள்.

விளக்குக் காவலர்கள் எத்தனை பேர்? பகலில் என்ன வேலை?

ஒரு தலைமைக் காவலர், இரண்டு உதவியாளர்கள். மூவருக்கும் வரிசையாக மூன்று செங்கல் வீடுகள், அச்சில் வார்த்தாற்போல ஒன்றுபோலவே இருக்கும். முதல் தலைமைக் காவலர் ஓரன் யங், சுருக்கமாக 'பீட்' யங். 1910 முதல் 1928 வரை இருந்தார்.

இரவில் முறை வைத்து விழித்திருப்பது ஒரு பாதிதான். மறு பாதி பகலில். லென்ஸில் படிந்த கரியைத் துடைக்க வேண்டும், பித்தளையைப் பளபளவென்று தேய்க்க வேண்டும், மண்ணெண்ணெய் சுமந்துவர வேண்டும், இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். பிறகு லென்ஸைச் சுற்றித் திரை இழுத்துவிட வேண்டும். மறந்தால், உள்ளிருந்து வெளியே ஒளியைக் குவிக்கும் அதே கண்ணாடி, வெயிலை உள்ளே குவித்து எதையாவது பற்றவைத்துவிடும். பாதரசத்தையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் காலக் கலங்கரை விளக்கங்களில் அதை மெல்லிய தோலில் வடிகட்டுவது வழக்கம். அதன் ஆவி உடம்புக்கு எவ்வளவு கேடு என்பது அப்போது பெரிதாகத் தெரியாது.

ஏரியில் பனிக்கட்டி கட்டி கப்பல் போக்குவரத்து நின்றதும், டிசம்பரில் விளக்கை அணைத்துவிட்டு வெளியேறுவார்கள். வசந்தத்தில் முதல் கப்பல் வருவதற்குள் திரும்ப வேண்டும்.

காவலர்கள் யாராவது இறந்திருக்கிறார்களா?

விளக்கம் திறந்த சில மாதங்களிலேயே, 1910 அக்டோபரில், இரு உதவியாளர்களும் ஏரியில் மூழ்கி இறந்தார்கள். கடிதங்களை வாங்கிவர பீவர் பே கிராமத்துக்குப் படகில் போனவர்கள் திரும்பவில்லை. கப்பல்களைக் காக்க வந்தவர்களையே முதல் ஆண்டில் ஏரி எடுத்துக்கொண்டது. இரவில் அங்கே பேய் நடமாட்டம் என்று சுற்றும் கதைகளை விட்டுத்தள்ளுங்கள், இது மட்டும் நிஜம்.

அந்தப் பாறை என்ன பாறை?

சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் கண்டம் நடுவே பிளக்கத் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. அந்தப் பிளவில் பொங்கிய பாறைக்குழம்பு இறுகியதுதான் இந்தக் கரை. குழம்பு மேலே வரும்போது, ஆழத்திலிருந்து அனார்த்தோசைட் என்ற வெளிறிய கடினப் பாறைத் துண்டுகளையும் சுமந்துவந்தது. கலங்கரை விளக்கம் நிற்பது அப்படி ஒரு பெரிய துண்டின்மேல்.

இதே பாறை வேறு ஒரு வேடிக்கையும் செய்தது. 1902இல் டூ ஹார்பர்ஸில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சுரங்க நிறுவனம் தொடங்கினார்கள். வடகரையில் கிடைத்த பாறையைச் சாணைக்கல்லுக்கு ஏற்ற குருந்தக்கல் என்று நினைத்துத் தோண்டினால், கடைசியில் அது ஒன்றுக்கும் உதவாத அனார்த்தோசைட். தோண்டுவதை விட்டு உப்புத்தாள் செய்யப் போனார்கள். அந்த நிறுவனம்தான் இன்றைய 3எம். ஸ்காட்ச் டேப், போஸ்ட்-இட் எல்லாம் செய்கிற அதே 3எம். ஸ்ப்ளிட் ராக் பூங்காவிலும் 'கொரண்டம் பாயின்ட்' என்று ஒரு முனை இருக்கிறது, அங்கேயும் இதே குருந்தக்கல் ஆசையில் பாறையை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

ஒஜிப்வே மக்களுடையது. அவர்கள் இந்த ஏரியை கிச்சிகாமி என்பார்கள். 1854ஆம் ஆண்டு லா பாயின்ட் ஒப்பந்தத்தில் வடகரை அமெரிக்க அரசின் கைக்குப் போனது. வடகரையின் கோடியில் உள்ள கிராண்ட் போர்ட்டேஜில் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இவ்வளவு ஒதுக்குப்புறமான இடம் எப்படிச் சுற்றுலாத் தலமானது?

சாலை வந்ததால். 1924இல் ஏரிக்கரை நெடுஞ்சாலை திறந்தது. அதுவரை வாரக்கணக்கில் புது முகமே பார்க்காத காவலர்களின் வாசலில் கார்கள் வந்து நின்றன. லென்ஸைப் பார்க்க வேண்டும், மேலே ஏற வேண்டும் என்று கூட்டம். 1930களில் அமெரிக்காவிலேயே மிக அதிகம் பேர் வந்துபோகும் கலங்கரை விளக்கங்களில் ஒன்றாகிவிட்டது. இரவெல்லாம் விழித்த காவலர், பகலில் சீருடையை மாட்டிக்கொண்டு வழிகாட்டி வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காகத் தனிச் சம்பளம் வாங்கியதாக நான் எங்கும் படித்ததில்லை.

ஏன் அணைத்தார்கள்?

ரேடார், வானொலிக் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. 1939இல் கலங்கரை விளக்கங்களின் பொறுப்பு கடலோரக் காவல் படைக்குப் போயிருந்தது. 1969இல் இது தேவையில்லை என்று அவர்கள் மூடினார்கள். பிறகு மாநில அரசு வாங்கிக்கொண்டது. 1976 முதல் மினசோட்டா வரலாற்றுக் கழகம் பராமரிக்கிறது. 2011இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பழுதுபார்த்தபோது 1920களில் இருந்த தோற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து உடையில் ஊழியர்கள் நின்று விளக்கம் சொல்வார்கள். தலைமைக் காவலர் வீட்டுச் சமையலறையில் விறகடுப்பு முதல் பாத்திரம் வரை பார்க்கலாம்.

இப்போது எப்போதாவது ஏற்றுவார்களா?

ஆண்டுதோறும் நவம்பர் 10 மாலை ஏற்றுகிறார்கள். 1975இல் அதே தேதியில் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு' என்ற 222 மீட்டர் நீளத் தாதுக் கப்பல் புயலில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். 1985இல் இந்த அஞ்சலி தொடங்கியது. கோபுரத்தடியில் நின்று 29 பெயர்களையும் வாசிப்பார்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிப்பார்கள். முப்பதாவது மணி, பேரேரிகளில் (சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகளில்) உயிர்விட்ட மற்ற எல்லோருக்கும். அதன்பின் விளக்கு எரியும். இருட்டிய பிறகு, விளக்கு எரியும்போதே மேலே ஏறிப் பார்க்க ஆண்டில் அந்த ஒரு நாள்தான் வாய்ப்பு. குளிர் எலும்பைத் துளைக்கும், போகிறவர்கள் தயாராகப் போங்கள்.

அந்தக் கப்பல் இங்கேயா மூழ்கியது?

இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது ஏரியின் மறுகோடியில், மிச்சிகன் மாநிலத்தின் ஒயிட்ஃபிஷ் விரிகுடாவுக்கு அருகே மூழ்கியது. விஸ்கான்சினின் சுப்பீரியர் ஊரில், அதாவது டுலூத்துக்கு எதிர்ப்புறம், தாது ஏற்றிக்கொண்டு கிளம்பியது என்பது மட்டும்தான் இந்தப் பக்கத்துத் தொடர்பு. அப்போது ஸ்ப்ளிட் ராக் அணைந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

மடீராவின் உடல் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கோல்டு ராக் பாறையடியில் உடைந்த துண்டுகளாகக் கிடக்கிறது. ஸ்கூபா பழகியவர்கள் இறங்கிப் பார்க்கிறார்கள். நன்னீரும் குளிரும் சேர்ந்து இரும்பைச் சீக்கிரம் அரிக்கவிடாமல் வைத்திருப்பதால், கடலில் கிடப்பதைவிட நல்ல நிலையில் இருக்கும்.

எப்போது போனால் நல்லது? குழந்தைகள், வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா?

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை முழுமையாகத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் நாள்களும் நேரமும் குறைவு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். இலைகள் நிறம் மாறும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் 61ஆம் எண் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டுத் தள்ளி வெயில் கொளுத்தும் நாளிலும் இங்கே ஏரிக்காற்று நடுக்கும்.

கோபுரம் குட்டை என்பதால் சுழல்படி ஏறுவது கஷ்டமே இல்லை, ஆனால் மேலே இடம் குறைவு. முட்டி வலி உள்ளவர்கள் மேலே வீடுகளையும் சங்குக் கட்டடத்தையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், அந்த 170 படி வேண்டாம். குழந்தைகளை வேலிக்குள்ளேயே நிறுத்துங்கள்.

எல்லோரும் போடுகிற அந்தப் படத்தை எங்கிருந்து எடுப்பது?

மேலிருந்து கிடைக்காது. பூங்காவுக்குள் மேற்கே கொஞ்சம் தள்ளி ஒரு கூழாங்கல் கரை இருக்கிறது, அங்கிருந்துதான். 1995இல் அமெரிக்க அஞ்சல் துறை பேரேரிக் கலங்கரை விளக்கங்களுக்கு வெளியிட்ட தபால்தலை வரிசையிலும் ஸ்ப்ளிட் ராக் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தை நடத்துவது வரலாற்றுக் கழகம், சுற்றியுள்ள பூங்கா மாநில இயற்கைவளத் துறையுடையது. கரைக்கும் காட்டுப்பாதைகளுக்கும் வண்டியில் போக பூங்காவின் வாகன அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஏரிக்கரையில் இதுபோல வேறு என்ன பார்க்கலாம்?

இதே பயணத்தில் என்றால் டூ ஹார்பர்ஸ் கலங்கரை விளக்கம். 1892இல் கட்டியது, இன்னும் எரிகிறது. பக்கத்திலேயே தாதுக் கப்பல்கள் சரக்கு ஏற்றும் துறைகளும் இருப்பதால், எதற்காக இத்தனை விளக்கங்கள் கட்டினார்கள் என்பது கண்ணெதிரே தெரியும். ஓஹாயோ பக்கம் போனால் ஈரி ஏரியில் மார்பிள்ஹெட், 1822 முதல் எரிவது. ஐரோப்பாவில், ஜெர்மனியின் லிண்டாவ் தீவுத் துறைமுகத்தில் 1856இல் கட்டி முடித்த ஒன்று இருக்கிறது. பவேரியா மாநிலத்துக்கே அது ஒன்றுதான், கோபுரத்தில் பெரிய கடிகாரமும் உண்டு. டுலூத்தில் ஒரு மாலை நேரம் இருந்தால், மட்டாஃபா மோதிய அதே கால்வாய்ச் சுவரின்மேல் நடந்துபோகலாம். தாதுக் கப்பல்கள் கை எட்டும் தூரத்தில் கடந்துபோகும்.